வரிசையில் கடைசி இடம்

மூடுபனிக்குள் சைக்கிள் மிதிப்பது பாதித் தூக்கத்தில் நடப்பது போன்றது. சக்கரம் உருளும் சத்தம் கேட்கும், சாலை தெரியாது. கோத்தகிரியைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் ஆறு மாதமாக அப்படித்தான் பழகினோம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ராமேஸ்வரத்தில் முடியும் இரண்டு நாள் அணிப் பந்தயம் அது. நால்வரும் போய்ச் சேர வேண்டும். கடைசி ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம். எங்களில் அந்தக் கடைசி ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நாற்பத்திரண்டு வயதில், எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் நாளெல்லாம் குழந்தைகளைத் தூக்கி இறக்கிய இடுப்போடு, நான்தான்.

ஆனால் மலையில் எப்போதும் நானே முன்னால் போனேன். எங்கள் எஸ்டேட்டில் இலை பறிப்பவர்கள் மூடுபனி இறங்கினால் மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் வரிசை கட்டுவார்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவார்கள். அப்படிப் போனால் யாரும் தொலைய மாட்டார்கள். இதை முதல் நாளே சொன்னேன். எங்களோடு ஓட்டிக்கொண்டே எங்களை நடத்திய பள்ளிக்கூட பி.டி. டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. பேக்கரிக்காரரும், தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியனும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து என் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

பந்தயத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒருமுறை சமவெளியில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அன்று சாயங்காலம் டீச்சர் நான்கு பெயர்களை அனுப்ப வேண்டும். பேக்கரிக்காரரின் மச்சினர் மாற்று ஆளாகத் தயாராக இருந்தார். என்னைவிட வேகமானவர். திரும்பி வந்ததும் அவர் பெயரைப் போடச் சொல்லிவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. என்னால்தான் கெட்டது என்று யாராவது சொல்லிக் கேட்கத்தான் தெம்பில்லை.

விடிந்ததும் மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பனி மேலேயே நின்றுவிட்டது. கீழே பாக்குத் தோப்புகளின் மேல் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது. காது அடைத்துக்கொண்டதில் உலகமே எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது. அன்னூர் வரை காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இவ்வளவுதானா சமவெளி என்று எனக்குக் கர்வம்கூட வந்தது.

அன்னூரில் திரும்பினோம். ஆடிக் காற்று முகத்தில் மோதியது. முன்னால் போன எனக்கு அரைக் கிலோமீட்டரில் தொடை கல்லாகிவிட்டது. டீச்சர் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"அக்கா, கூத்தப் பாத்தீங்களா. மலையில பழகுனத அப்படியே கொண்டாந்துட்டோமுங்க. மேட்டுல மெதுவாப் போறப்பக் காத்தே தெரியாது. இங்க முன்னாடி போறவங்கதானே அத்தனையும் வாங்கோணும்? நீங்க கடைசிக்குப் போங்க. எடவெளி விழுந்தா 'விட்டுப்போச்சு'ன்னு ஒரு கத்து கத்துங்க, போதும்."

கடைசிக்குப் போனேன். எலக்ட்ரீஷியனின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி என் முன்சக்கரம். காற்று காணாமல் போய்விட்டது. இருபுறமும் வாழைகள் கிழிந்து ஆடின, எனக்கு மட்டும் எதுவும் அசையவில்லை. தொட்டிலில் படுத்துக்கொண்டு ஊர் போவது போன்ற சுகம். அந்த மயக்கத்தில் ஒரு சின்ன ஏற்றத்தில் சக்கரம் பின்தங்கி, ஒரு முழ இடைவெளி இரண்டு ஆள் நீளமாயிற்று. காற்று உள்ளே புகுந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வாழ்க்கையில் யாரையும் எனக்காக நில்லுங்கள் என்று சொன்னதில்லை. மூன்று முதுகுகளும் சிறிதாகிச் சாலையின் கானல் நீரில் கரைந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு டீக்கடை வாசலில் காத்திருந்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"கத்தறதுக்கு என்னுங்க? வாயத் தொறந்தா முத்து உதுந்துருங்களா?"

"நான் கத்துனா நீங்க மெதுவாப் போகோணுமே டீச்சர். மச்சினரையே போட்டுக்குங்க."

பேக்கரிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். டீச்சர் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அவரும் ஒரு நேரம் பின்னால விழுவாரு. நான் விழமாட்டனா? வேகத்த நான் பாத்துக்கறேன். கத்துவீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க. கத்துவீங்கன்னா சாயங்காலம் உங்க பேர அனுப்பிருவேன்."

நான் சைக்கிளை எடுத்தேன். மறுபடி கிளம்பினோம். மலை எதிரே நீலமாக, எடையே இல்லாமல் நின்றது. காரமடைச் சாலையில் பக்கக்காற்று ஒன்று அடித்து என்னை விலக்கியது. ஒரு முழம், ஒரு ஆள், இரண்டு ஆள்.

"விட்டுப்போச்சு."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முன்னால் மூன்று ஜோடிக் கால்களும் ஒரே நேரத்தில் மிதிப்பதை நிறுத்தின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்து ஒட்டிக்கொள்ளும் வரை வெறுமனே உருண்டார்கள், பிறகு மிதித்தார்கள். என் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காற்றில் கண் கலங்கிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவர்கள் பின்னால் காற்றே இல்லை.