அப்பா எழுதிய "ஹோம்லி"

அக்கா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்கள் அவரது நற்குணங்களை வாசிக்கவே விரும்புவீர்கள். அவை நிறைய உண்டு. ஆனால் தங்கையாகிய நான் முதலில் என் தவறைச் சொல்லவேண்டும்.

அக்கா சாவகச்சேரியில் மூத்த மகளாகப் பிறந்தவர். அவருக்கு வரன் தேடி அப்பா கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தில் "ஹோம்லி" என்று எழுதினார். குடும்பப் பாங்கான பெண் என்பதே அங்கே அதற்குப் பொருள். அதைப் பார்த்துத்தான் அத்தான் வீட்டார் பெண் கேட்டார்கள். நாட்டைவிட்டு இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்த சில வருடங்களில் அக்கா அத்தானை இழந்தார். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார்.

சென்ற ஆண்டு ரொக்ஸ்பரோவில் அவர் பராமரித்த ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி, அக்காவைப் பற்றி "ஹோம்லி, ஆனால் நல்லவள்" என்று தன் மகளிடம் சொன்னாராம். அக்கா அன்றே என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"பாத்தியே, அப்பா எழுதின அதே சொல்லு!"

இங்கே பள்ளிக்கூடம் படித்தவள் என்ற தலைக்கனம் எனக்கு. "ஐயோ அக்கா, இஞ்ச வடிவில்லாத, லட்சணமில்லாத பொம்பிளையைத்தான் அப்பிடிச் சொல்லுறவை. அந்தக் காலத்துச் சொல்லு" என்று சிரித்தேன்.

அக்காவும் சிரித்தார். தேநீரைச் சீனியில்லாமல் குடித்தார்.

அதன்பின் இரவுச் சாப்பாடு நின்றது. பொங்கலுக்கு அவரது சட்டை தொளதொளத்தது. கோயிலில் எல்லோரும், "மெலிஞ்சு நல்ல வடிவா வந்திட்டியள்" என்றோம். நானும்தான் சொன்னேன். பங்குனியில், வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கிய பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனது. அதையும் அவர் வெற்றியாகவே எண்ணினார். முதுகு நோவை எங்களிடம் மறைத்தார். கணையத்தில் புற்றுநோய், பிந்திவிட்டது என்று வைத்தியர் சொன்னார்.

கடைசி வாரம் என் கையைப் பிடித்து, "இப்ப நான் வடிவோடி?" என்று கேட்டார்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், முறைவைத்துச் சமைத்துத் தந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். அக்காவின் தெருமுனை டெப்பனர் என்னும் சில்லறைக் கடைக்காரப் பெண், "ஏன் இப்படி மெலிகிறீர்கள்? டாக்டரிடம் போனீர்களா?" என்று மாசியிலேயே பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். அக்கா கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

மரண அறிவித்தலை அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழ் தெரியாதவர். படத்தைப் பார்த்து அக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

"நான் கேட்டேனே, மேடம்" என்றார்.