மாடியில் காய்ந்த ஓட்டு

எமர்ஜென்சி காலம். நம் நாட்டில் தேர்தல் வருமா வராதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தது. மாடி அறையில் குடியிருந்த அமெரிக்கப் பெண்ணுக்கு. மலையைக் கிரிவலம் வர வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அவர்கள் நாட்டில் பதினெட்டிலேயே ஓட்டுரிமை என்றாள். எனக்குப் பத்தொன்பது, இங்கே இருபத்தொன்று ஆக வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு அது முதல் ஓட்டு. ஓட்டுப் போடுவது உரிமை மட்டுமில்லை, குடிமகளின் கடமையும்கூட என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு குறி போட்டாள். யாருக்கு என்று அப்பா ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். அது ரகசியம் என்று சிரித்துவிட்டாள். சீட்டை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பசை கேட்டுக் கீழே வந்தாள்.

அதற்குள் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு மேலே போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகையோ ஜாதகமோ, நல்ல காரியத்துக்குப் போகும் எந்தத் தாளும் நான்கு மூலையில் மஞ்சள் இல்லாமல் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. கடல் தாண்டும் ஓட்டை மட்டும் மொட்டையாக அனுப்புவாளா?

சீட்டைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. வேறு அடையாளம் இருந்தால் ஓட்டு செல்லாது, இன்னொன்று வரவழைக்க நாளும் இல்லை என்றாள். கண் கலங்கிவிட்டது. அம்மா பதறிப்போய் ஈரத்துணியில் சோப்பைத் தொட்டுத் தேய்த்தாள். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. சிரிப்பை அடக்க நான் தாவணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

வெயிலில் மஞ்சள் வெளுக்கும் என்று நான்தான் சொன்னேன். மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் பாயை விரித்தோம். மடிப்புக்குள்ளும் மஞ்சள் ஊறியிருந்ததால் சீட்டைப் பிரித்து, ஓரத்தில் கல் வைத்துக் காயப்போட வேண்டியிருந்தது. குறி தெரியுமே என்று நாங்கள் நால்வரும் நாலு பக்கமும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். அமெரிக்க ஜனநாயகத்தைக் காக்கையிடமிருந்து காப்பாற்ற என் கையில் ஒரு முறம். அப்பாவின் கழுத்து மட்டும் அடிக்கடி திரும்பப் பார்த்தது. நான் சிரிக்க, அவள் சிரிக்க, அம்மாவும் சேர்ந்துகொள்ள, அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் தலையே சுற்றியது.

மலைப் பக்கமிருந்து ஒரு காற்று. கல்லைத் தள்ளிவிட்டுச் சீட்டு எழும்பியது. முதலில் பாய்ந்தவள் அம்மா. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் எட்டிப் பிடித்தாள், ஒரு பார்வை பார்த்தாள், சட்டென்று மடித்து அவளிடம் கொடுத்தாள். மூலைகள் நன்றாகவே வெளுத்திருந்தன. அன்றைக்கே தபாலில் சேர்த்தோம். எண்ணினார்களா, தள்ளினார்களா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சாப்பிடும்போது அப்பா குரலைத் தாழ்த்தினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, குறி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்றாவது சொல்லலாமே என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அதுவரை அப்பா காட்டிய சின்னத்திலேயே குத்திக்கொண்டிருந்தவள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அது அவ ஓட்டுங்க, சொல்ல மாட்டேன். அடுத்த தடவ என்னுதயும் கேக்காதீங்க."

அடுத்த தடவை என்று ஒன்று உண்டா என்பதே யாருக்கும் தெரியாத நேரம் அது.