ரோமில் இரண்டாவது தட்டு

ஐம்பதுகளின் பிற்பாதியில், குளிர்காலம் முடியும் தறுவாயில், ரோம் நகரத்தில் இரண்டு நாள் தங்கினேன். என் மனைவியின் அண்ணன் பொன்னமராவதியில் அரிசி மில் வைத்திருந்தார். இத்தாலியின் வடக்கே இயந்திரம் பார்க்கப் போனவர், ஆங்கிலம் பேச என்னையும் கூட்டிப் போனார். வேலை முடிந்து, நேப்பிள்ஸில் கப்பல் ஏறுவதற்கு முன் கிடைத்த இடைவெளி அது.

நான் வல்லத்திராக்கோட்டையை விட்டுக் கிளம்பும்போதே ஆத்தா படுக்கையில் இருந்தார். "நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்கண்ணே. ஏதாச்சும்னா தந்தி குடுக்கிறேன்" என்றான் தம்பி. அதனால் ஒவ்வொரு விடுதியிலும் சாவி வாங்கும்போது தந்தி வந்திருக்கிறதா என்று கேட்பேன்.

கட்டடம் எதைப் பார்த்தாலும் அது எழும்பிய ஆண்டைத் தேடுவது என் வழக்கம். ரோமில் ஆண்டை எழுத்துகளால் பொறித்திருக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி காட்டும் அதே எழுத்துகள். முதல் நாள் முழுவதும் வாசல் வாசலாக நின்று கூட்டிச் சொன்னேன்.

"நார்த்தாமலைக்குப் போனாலும் கல்லத்தான் தடவுறீங்க, இங்கிட்டு வந்தும் அதேதானா? நடங்க மாப்பிள்ளை, காலு வெறைக்குது" என்றார் மச்சான். பாந்தியன் கோயிலின் கூரை நடுவே வட்டமாக ஒரு திறப்பு. அதை அண்ணாந்து பார்த்து, "இம்புட்டுச் செலவு பண்ணிக் கட்டிட்டு நடுவுல ஓட்டை விட்டிருக்கான். மழை பெஞ்சா நெல்லு நனையாதா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கீழே காப்பி குடிக்கப் போனேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த மச்சானின் தலை ஈரமாக இருந்தது. சளி பிடிக்கும் என்று பயந்து, கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அவர் தலைக்குத் தண்ணீர் விட்டதில்லை. கம்பளி மப்ளர் காதை விட்டு இறங்கியதில்லை. அன்று அது மடியில் கிடந்தது.

"பிசுபிசுன்னு இருந்துச்சு" என்றார், நான் கேட்காமலே.

அன்று சாவியைக் கொடுத்தபோது நான் தந்தியைப் பற்றிக் கேட்கவில்லை.

டிராமில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். கொலோசியத்தைச் சுற்றினோம். கற்களில் புகைக்கரி படிந்திருந்தது. இடிந்த தூண் ஒன்றின் மேல் பூனை தூங்கியது. ஒரு தேவாலய வாசலில் ஆண்டைக் கூட்டுகையில் நூறு வருடம் பிசகிவிட்டேன். திரும்பப் பார்த்துத் திருத்திச் சொன்னேன். மச்சான் இரண்டுக்கும் தலையாட்டினார். நான் அடுத்த வாசலுக்கு நடந்தேன்.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடை. தக்காளிச் சாறு ஊற்றிய நீள நூலை மச்சான் மைதா இடியாப்பம் என்பார். நான் ஒரு தட்டை முடித்ததும் இன்னொன்று கொண்டுவரச் சைகை காட்டினார்.

"போதும் மச்சான்."

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. குளிருக்குத் தாங்கும்."

அவர் தட்டு அப்படியே இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவருகிறவர், கேட்கப்போகிறவர் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். கேட்டபின் சோறு இறங்காது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டாவது தட்டையும் முழுவதும் சாப்பிட்டேன். தக்காளி புளித்தது. கடைசி நூலைக்கூட விடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"அத்தை போயிட்டாங்க."

"எப்ப?"

"முந்தாநாளு. தம்பி எல்லாம் செஞ்சிருச்சு. விடிய தந்தி வந்துச்சு. அதைப் படிக்கிற அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்ல." தன் தட்டை ஓரமாகத் தள்ளினார். "கப்பல் நாளைக்குத்தான். வெறும் வயித்தோட ரூமுக்குள்ள உக்கார வச்சு என்ன செய்ய? அதான் வெளிய கூட்டியாந்தேன்."

சரி என்றேன். டிராமிலேயே திரும்பினோம்.

சேதி கேட்டால் தலை முழுக வேண்டும். விடுதிக்காரம்மா வெந்நீர் போடுகிறேன் என்று கைகாட்டினார், வேண்டாம் என்றேன். குளியலறையில் தொட்டி இருந்தது, செம்பு இல்லை. மச்சான் தன் அறையிலிருந்து முகம் கழுவும் பீங்கான் கூஜாவை எடுத்து வந்தார்.

"இதுல மொண்டு ஊத்துங்க. காலைல நானும் இதுலதான் ஊத்துனேன்."

உடுத்தியிருந்த வேட்டியோடு தொட்டிக்குள் நின்று ஊற்றினேன். தண்ணீரின் குளிர்கூடச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. கதவைத் திறந்தபோது மச்சான் மப்ளரை நீட்டினார்.

"தலையத் துவட்டுங்க" என்றார்.