கொட்டியாரக் குடாவில் எரிந்த சிவப்பு லைட்

போன வருடம் வைகாசி மாதம், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கொட்டியாரக் குடாவில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்படுகிறவன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களிடம் டீசல் எஞ்சின் பூட்டிய சிறிய மீன்பிடிப் படகு ஒன்று இருக்கிறது. எஞ்சின் புகை தள்ளத் தொடங்கியதால் அதைக் கழற்றிக் கரைக்கு ஏற்றினோம். திருத்தியவன் என் மனைவியின் தம்பி. வெளிநாட்டில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். ஊரில் அவன் முழுதாகப் பிரித்துப் பூட்டிய முதல் எஞ்சின் அதுதான். நன்றாக ஓடினால் துறையில் மற்றவர்களும் அவனைத் தேடி வருவார்கள். உள்ளே இறுகி நின்றுபோனால் எனக்குத் தொழில் இல்லை. அவனை நம்பி இன்னொருவர் எஞ்சின் தரப்போவதும் இல்லை.

வேலை நடந்த நாட்களில் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவருவாள். ஒரு நாள் பக்கத்துச் சல்லி ஊரின் அம்மனுக்கு நேர்ந்து, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, எஞ்சினின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டில் கட்டிவிட்டுப் போனாள். பூட்டி முடிந்த பிறகு பார்த்தால் அந்த முடிச்சைக் காணவில்லை. இடைஞ்சல் என்று தம்பி அவிழ்த்து வைத்திருப்பான் என்று நினைத்தேன். கேட்டால் சிரிப்பானோ என்று கேட்கவில்லை.

ஒரு காலையில் எஞ்சினைப் படகில் ஏற்றி, இரண்டு பேருமாக ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். கடல் அசையவே இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த, மாவு ஆலைக்கு வந்த கோதுமைக் கப்பல் ஆகாயத்தில் தொங்குவது போலிருந்தது. எஞ்சினும் அழகாக ஓடியது. தம்பி படகின் முன்பக்கத்தில், அணியத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தான்.

துறைமுக வாயைத் தாண்டிக் குடாவின் நடுவுக்கு வந்தபோது, எஞ்சினை ஓடவைக்கிற திறப்புச் சாவிக்குப் பக்கத்தில் சிவப்பு லைட் எரிந்தது. எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற லைட். அதோடு ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும். உடனே நிறுத்தினேன். எங்கள் படகே கிளப்பிப் பின்னால் வந்த அலை படகை மெல்லத் தூக்கி, தாண்டி, எங்களை விட்டுவிட்டு முன்னால் போனது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தோம். ஒயில் அளவாகத்தான் இருந்தது. தம்பிக்கு அது போதும்.

"சுவிச் பழுது அத்தான். பழசைத்தானே திருப்பிப் பூட்டினனான். வயரைக் கழட்டி விடுங்கோ, ஓடுவம்."

"ஒருக்காப் பாத்திட்டு ஓடுவமே," என்றேன்.

லைட்டை எரிய வைக்கிற சுவிச்சை அவன் கழற்றினான். அந்தத் துளைக்கு நேரே நான் ஒரு தகரப் பேணியைப் பிடித்தேன். எஞ்சினைப் பற்றவிடாமல் கொஞ்சம் சுழற்றினான். ஒயில் பீறிட்டு வந்து பேணியையும் நான் உடுத்திருந்த சாரத்தையும் நனைத்தது.

"பாத்தீங்களா! பம்ப் நல்லா இழுக்குது. லைட்தான் பொய் சொல்லுது."

பேணியைக் கீழே வைத்தேன். சுவிச்சைப் பூட்டி மறுபடி எஞ்சினை ஓடவிட்டோம். லைட் அணைந்திருந்தது. கோதுமைக் கப்பலின் பக்கம் போவதற்குள் திரும்ப எரிந்தது. இந்த முறை நிறுத்துவதற்கு முன் ஒரு நொடி காது கொடுத்தேன். எஞ்சினின் மேல்பக்கத்தில் ஒயில் காய்ந்த இரும்பு இரும்போடு மோதுவதுபோல ஒரு தட்டல் கேட்டது. பிறகு நிறுத்தினேன்.

கப்பலின் சிவந்த வயிறு எங்களுக்குப் பக்கத்தில் மதில்போல் நின்றது. அதன் நிழலில் தண்ணீர் பச்சையாக இருந்தது. சொறிமுட்டைகள் என்கிற ஜெல்லி மீன்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டு கீழே போயின. எவ்வளவு நேரம் அவற்றைப் பார்த்தேன் என்று தெரியாது. கனவில் இருப்பவனைப்போல் இருந்தேன்.

படகு மிதந்து கப்பலின் நிழலை விட்டு வெளியே வந்தபோதுதான் முதுகில் சூடு பட்டது. கச்சான் எழும்பியிருந்தது. கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எஞ்சின் நிற்கிற நேரமெல்லாம் அது எங்களைக் குடாவுக்கு வெளியே தள்ளும்.

அந்த நேரம் கிண்ணியாப் பக்கத்துப் படகு ஒன்று வந்தது. இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மச்சான், மெசின் படுத்துட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை, காத்து வாங்கிறம்," என்றான் தம்பி.

"வாங்குங்க, வாங்குங்க. காசில்லாத சாமான்தானே!"

அவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவர்கள் அந்தப்பக்கம் திரும்பியதும் அவன் முகம் மாறிவிட்டது. லைட்டுக்குப் போகிற வயரில் கை வைத்தான்.

"அத்தான், இழுத்து விடுறன். காத்து வெளிய தள்ள முன்னம் ஒரே ஓட்டமாக் கரைக்கு ஓடுவம்."

என் வாயிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஏலாது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எங்கள் கல்யாணத்திலிருந்து நான் அவனிடம் சொன்ன முதல் மறுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

"லைட் பொய் சொல்லேல்லை. ஓடினாக் கொஞ்சத்தில எரியுது, நிண்டு திரும்ப ஓடினா அணைஞ்சிருக்கு. கிணத்தில பம்ப் போடேக்க இலை வந்து குழாய் வாயில ஒட்டுமெல்லே? நிப்பாட்டினா விழுந்திடும். அப்பிடி உள்ளுக்கு என்னவோ கிடக்கு. நீ சுவிச்சைக் கழட்டேக்க அது விழுந்து கிடந்திருக்கும். அதுதான் ஒயில் வந்தது."

 அவன் வயரிலிருந்து கையை எடுத்தான்.

பிறகு நாங்கள் திரும்பினோம். லைட் எரியப் போகிற நேரம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கு முன்பே நிறுத்துவோம். கொஞ்சம் காத்திருப்போம். காற்று எங்களைப் பின்னால் கொண்டுபோகும். மறுபடி ஓடுவோம். ஓடிப் பிடிக்கிற தூரத்தில் பாதியைக் காற்று பறித்துக்கொண்டது. ஆனாலும் கோணேசர் மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

 எஞ்சின் நின்றிருந்தபோது மூதூர்ப் பக்கமிருந்து மதியத் தொழுகைக்கான பாங்கு தண்ணீரின் மேலே மெல்லிதாக வந்தது. வெயிலில் கடல் முழுவதும் கண்ணாடித் துண்டுகள். ஒருமுறை தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"இது இறுகினா நான் திரும்பப் பிளேன் ஏறத்தான் வேணும் அத்தான்."

நான் தண்ணீர்ப் போத்தலை அவனிடம் நீட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கிண்ணியாப் படகு போகவில்லை. நாங்கள் நின்றால் அவர்களும் சற்றுத் தள்ளி நின்று தூண்டில் போட்டார்கள். நாங்கள் ஓடினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். அப்படி எங்கும் யாரும் மீன் பிடிப்பதில்லை. எங்கள் பக்கம் அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவும் இல்லை. துறைமுக வாய்க்குள் நாங்கள் நுழைந்ததும் ஒருவர் கையை உயர்த்திக் காட்டினார். படகு திரும்பிப் போய்விட்டது. அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் எஞ்சினில் ஒயில் தங்குகிற அடித்தட்டைக் கழற்றினோம். ஒயில் இழுக்கிற குழாயின் வாயில் இருந்த கம்பி வலைக்குக் கீழே அது கிடந்தது. கறுத்துப்போன ஒரு துணி முடிச்சு. தம்பி விரலால் நசுக்கிப் பார்த்தான். உள்ளே காசு. எஞ்சினைச் சரித்து அடித்தட்டைப் பூட்டியபோது போல்ட்டிலிருந்து நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. ஓடும்போது துணி போய் வலையில் ஒட்டும். நின்றால் காசின் பாரத்தில் கீழே விழும். பெயரிங்குகளைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. தம்பி நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மனைவி முடிச்சைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். கன்னமெல்லாம் ஒயில்.

"அம்மாள் உள்ளுக்கு இருந்தெல்லே காப்பாத்தியிருக்கிறா," என்றாள்.

"அக்கா, அடைச்சதும் அவதான்," என்றான் தம்பி.

அவள் அவன் தலையில் குட்டினாள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

காசை மண்ணெண்ணெயில் கழுவிச் சல்லி அம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட்டோம். இப்போது தம்பியின் கொட்டகையில் எப்போதும் ஏதாவது ஓர் எஞ்சின் திறந்து கிடக்கிறது. அவன் அடித்தட்டைப் பூட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "அத்தான், ஒருக்கா எட்டிப் பாருங்கோ" என்பான்.

விடியற்காலையில் திறப்பைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு லைட் ஒரு கணம் எரிந்து, எஞ்சின் பற்றியதும் அணையும். அது அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு இன்னும் அதிகம் பேச வராது. ஆனால் காணாமல் போனது எதுவென்றாலும் இப்போது கேட்டுவிடுகிறேன், கடலில் ஒரு படகு சும்மா நிற்பதைக் கண்டால் ஒன்றும் கேட்காமல் சற்றுத் தள்ளி நின்று நானும் தூண்டில் போடுகிறேன்.