கடல் தெரியாத அறை

தேனிலவு போகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது சந்தோஷமான தொழில் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு ஃபார்மஸிக்கு மேல்மாடியில் எங்கள் டிராவல் ஏஜன்சி இருக்கிறது. முதலாளி ஃபாரூக்கை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் டிக்கெட், விசா வேலைகளைப் பார்ப்பார். ஹோட்டல், ரூம், வில்லா எல்லாம் என் பொறுப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜோடி ஃபோனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நான், படத்தில் இல்லாததை நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா, பாதையில் வெளிச்சம் இருக்குமா, ஓனர் குடிக்கிற ஆளா? "நல்ல இடம், நம்பிப் போங்க" என்று யாருக்காவது சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை ஃபோன் அடித்தாலே நெஞ்சு படபடத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீமெந்துச் சுவர்

நாவுலயிலிருந்து வந்த பிரதீபன் ஸ்கூல் டீச்சர். சீகிரியாவில் குன்றைப் பார்த்தபடி மரக் குடில் வேண்டும் என்று கேட்டார். வயல் ஓரமாக ஒரு இடம் கிடைத்தது. யானை வருமா என்று ஓனரிடம் கேட்டேன். இந்தப் பக்கம் வருவதில்லை என்று சிங்களத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர்கள் போன அன்றே, வெயில் இறங்கும் நேரத்தில், பிரதீபனின் ஃபோன் வந்தது. குரலே இல்லை, மூச்சுதான். "மிஸ், வாசல்ல யானை." பெண் வீட்டில் கொடுத்துவிட்ட வாழைப்பழக் குலையை வராந்தாவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது போதாதா?

"பாத்ரூமுக்குள்ள போய் கதவைப் பூட்டுங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் ஃபோனில் ஓனரைக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. ஒரு காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, மறு காதில் பலகை முறிகிற சத்தமும், அந்தப் பெண் "முருகா, முருகா" என்று முனகுவதும். கடைசியில் குசினியில் சமைக்கிறவர் எடுத்தார். நான் சொல்லி முடிக்கவில்லை, யானை விரட்டுகிற வெடியைக் கொளுத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். வெடிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் நான் நாற்காலிக் கையைப் பிடித்த பிடி, மறுநாளும் விரலில் வலித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறக்கும் சத்தம், பிறகு பிரதீபனின் குரல். "மிஸ், பாத்ரூம் சுவர் மட்டும்தான் சீமெந்துன்னு முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க கட்டிலையே அங்க போட்டிருப்போம்."

ரெண்டு கட்டில்

கௌரி தன் அம்மாவோடும், கட்டிக்கொள்ளப் போகிற சுதாகரோடும் வந்தாள். அம்மாதான் பேசினார், அம்மாதான் படம் பார்த்தார், ரிவர்ஸ்டன் பக்கம் குளிரான ஒரு பங்களாவை அம்மாவே தெரிவு செய்தார். சுதாகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூன்று பேரும் படி இறங்கிப் போன பிறகு, குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக் கௌரி மட்டும் திரும்பி ஏறி வந்தாள். குடை அவள் கையில்தான் இருந்தது. "மிஸ், ரெண்டு கட்டில் தனித்தனியா இருக்கிற ரூமா போட ஏலுமா? நான் கேட்டேன்னு யாருக்கும் சொல்ல வேணாம். அவர்கூட இன்னும் சரியாப் பேசினதுகூட இல்ல." அவள் விரல்கள் குடைப் பிடியை விடவே இல்லை.

செய்வதா வேண்டாமா என்று அன்றெல்லாம் எனக்கு யோசனை. அவர் நல்லவராக இருந்தால் சரி. கோபக்காரராக இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத மலையில் அந்தக் கோபத்தோடு இவள் தனியாக இருக்க வேண்டும். ரெண்டு கட்டில் அவளைக் காப்பாற்றுமா, மாட்டிவிடுமா? கடைசியில் செய்தேன். அந்த மாதிரி ரூம்தான் மிச்சம் இருக்கிறது என்று சுதாகருக்கு ஃபோனில் சொன்னேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அந்த ஒற்றைச் சொல் என்னை ஆட்டி வைத்துவிட்டது. பங்களாக் காவல்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை அடிக்கடி எட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் சுதாகர் தனியாகப் படியேறி வந்தார். நானா வெளியே போயிருந்தார். நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு கட்டிலை வேணும்னேதான் போட்டீங்கன்னு கௌரி நேத்துதான் சொன்னா மிஸ். அன்னைக்கு நானும் அதைக் கேக்கத்தான் நினைச்சு வந்தேன், அவங்க அம்மா பக்கத்துல இருந்ததுல வாய் வரல்ல."

கடலுக்கு எவ்வளவு தூரம்?

பல்லேபொலயில் மிளகு, சாதிக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண் ஸஹ்ரா. கணவர் இர்ஷாத் கனடாவில் வேலை. கலியாணம் இங்கே முடிந்து, விசாவும் வந்துவிட்டது. அவள் கனடா போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரம் கரீபியன் தீவொன்றில் தேனிலவு. தீவின் பேரை எழுதினால் அங்கே இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம், விட்டுவிடுகிறேன். இர்ஷாத் ஒரு ஹோட்டலை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். கடலுக்குள் தூண் நட்டு, அதன் மேல் அறை. தரை கண்ணாடி. கட்டிலில் இருந்தபடியே காலுக்குக் கீழே மீன் பார்க்கலாம். ஸஹ்ரா அதைக் காட்டினாள். கூட வந்த அவள் உம்மா ஃபரீதா ஆன்ட்டி ஒருமுறை பார்த்தார், ஃபோனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஆன்ட்டி பிறந்தது கிழக்குக் கரையில், மருதமுனைப் பக்கம். சுனாமியில் அவருடைய தங்கையும் தங்கையின் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். தங்கையின் வீடு கடலுக்கு முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போனதே இல்லை. "கடல் கண்ணுக்குத் தெரியாத ரூம் பாருங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார். தீவில் கடல் தெரியாத அறைக்கு நான் எங்கே போவேன்? தேடித் தேடி, மலைச் சரிவில் ஒரு கல்வீட்டைப் பிடித்தேன். கிளாரிஸ் என்ற அம்மா தன் வீட்டின் பின் பக்கத்தை வாடகைக்கு விடுகிறார். இர்ஷாத்துக்கு ஃபோனில் சொன்னேன். "மிஸ், கரீபியனுக்குப் போய் மலையில தங்குறதுண்டா, நான் நம்ம நக்கிள்ஸ் மலையிலயே தங்கிட்டுப் போறேனே" என்றார். ஸஹ்ராதான் ஃபோனை வாங்கி அவரிடம் பேசினாள். தனக்குக் கடலில் பயம் இல்லை, ஆனால் உம்மா இங்கே தூங்கமாட்டா, அதை நினைத்துக்கொண்டு தானும் அங்கே தூங்கமாட்டேன் என்றாள். அவர் விட்டுக்கொடுத்தார்.

ஆன்ட்டி அப்போதும் சம்மதிக்கவில்லை. நான் கிளாரிஸ் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுத் தோட்டத்தைக் காட்டச் சொன்னேன். கொக்கோ தெரிந்தது, மிளகு தெரிந்தது. வீட்டுக்குக் கீழே, ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத ஒரு சாதிக்காய் மரம். ஆன்ட்டி ஃபோனைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அதையே பார்த்தார். "சாதிக்கா மரம் இந்தளவு வளந்திருக்குண்டா, அந்த மண்ணுக்குக் கடல் ஒருநாளும் வந்ததில்ல. இதைப் போடுங்க மிஸ்."

சத்தமில்லாத ஃபோன்

அந்தக் கடலில் வருஷத்தின் பின் பாதி சூறாவளிக் காலம். நான் அதைச் சொல்லாமல் இல்லை. இர்ஷாத்துக்கு லீவு அப்போதுதான் கிடைத்தது. அவர்கள் போய் இறங்கி, தோட்டத்தில் நின்று படம் அனுப்பி, ரெண்டு நாள் நல்லபடியாகப் போனது. பிறகு செய்தியில் அந்தத் தீவின் பேர் வந்தது. ஸஹ்ரா கடைசியாக அனுப்பியது, "காத்து கூடுது, ஜன்னலை அடைக்கிறாங்க" என்ற ஒரு வரி. அதோடு ஃபோன் செத்துவிட்டது. அவளுடையது, இர்ஷாத்தினுடையது, கிளாரிஸ் அம்மாவினுடையது, எல்லாமே.

காலையில் நான் ஆபீஸைத் திறக்க முன்பே ஃபரீதா ஆன்ட்டி படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் ஓதுகிற தஸ்பீஹ் மணிமாலையோடு உட்கார்ந்தார். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஹோட்டல் ஒன்றின் படம் செய்தியில் வந்தது. தூண் மேல் இருந்த அறைகளில் பாதி இல்லை. அது இர்ஷாத் கேட்ட ஹோட்டல். ஒரு நிமிஷம் மனசு லேசானது. அப்போதுதான் ஆன்ட்டி கேட்டார், "அங்க மழை பெய்யுதா?" என்று.

மாத்தளைக்காரிக்கு மலையில் அடைமழை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டுமா? மண் இளகி வீட்டோடு இறங்கியதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். கடலிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நானே அந்தப் பிள்ளைகளைச் சரிவில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். "வீடு கருங்கல் பாறைக்கு மேல கட்டினதுன்னு அந்த அம்மா சொன்னாங்க ஆன்ட்டி" என்றேன். அது உண்மைதான். ஆனால் பாறைக்கு மேலே இருக்கிற சரிவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று முழுக்க அழைத்தேன், மறுநாளும் அழைத்தேன். ஒரே பதிவுக் குரல்தான் கேட்டது. ஆன்ட்டி கழிவறைப் பக்கம் போன நேரம் பார்த்து நானா என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "இனி ஹனிமூனே வேணாம் புள்ள, மக்காவுக்கு உம்ராவும் கதிர்காம யாத்திரையும் மட்டும் செய்வோம். அதுக்குப் போறவங்க அல்லா, சாமின்னு சொல்லிட்டுப் போவாங்க, பயப்படுற வேலைய நாம பாக்கத் தேவையில்ல."

மேட்டு வீட்டில்

இரண்டாம் நாள் சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆன்ட்டிக்கு த்ரீவீல் பிடிக்க நானா கீழே போயிருந்தார். தெரியாத நம்பரிலிருந்து என் ஃபோன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுத்தேன். ஸஹ்ரா. "மிஸ், நாங்க சுகமா இருக்கம். உம்மாக்குச் சொல்லுங்க." ஃபோனை ஆன்ட்டியின் காதில் வைத்தேன். மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மணிமாலை இருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மணிகள் என் தோலில் பதிந்தன.

நடந்தது இதுதான். கிளாரிஸ் அம்மாவின் வீட்டுக்கு மேலே சரிவு கொஞ்சம் இறங்கியது உண்மை. பாதை மூடிப்போய், மின்சாரமும் போய்விட்டது. ஆனால் மண் வீட்டைத் தொடாமல் பக்கத்து ஓடையில் இறங்கியிருக்கிறது. சூறாவளிக்கு முன்பே, கடற்கரை ஹோட்டலில் இருந்தவர்களை லொறிகளில் ஏற்றி மேட்டு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். கிளாரிஸ் அம்மா வந்தவர்களையெல்லாம் உள்ளே எடுத்துக்கொண்டார். ஸஹ்ரா, உம்மா கட்டிக்கொடுத்த மிளகுத்தூளைப் போட்டு ஒரு பெரிய சட்டியில் பருப்புச் சோறு ஆக்கியிருக்கிறாள். காற்று கூரையைப் பிய்த்தபோது எல்லோரும் மேசைக்கும் கட்டிலுக்கும் கீழே. இர்ஷாத் ஃபோனை வாங்கினார். "மிஸ், தனியா இருக்கத்தான் இடம் கேட்டேன். நாங்க முன்னப்பின்ன தெரியாத பதினாறு பேரோட தூங்கினோம், அதுல எட்டுப் பேர் புதுசாக் கலியாணம் முடிச்சவங்க."

ஃபோனை வைத்த பிறகும் ஆன்ட்டி எழும்பவில்லை. கீழே த்ரீவீல் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். என் மணிக்கட்டை விட்டுவிட்டு முந்தானையைத் தலைக்குச் சரியாக இழுத்தார். படி வரைக்கும் கூடப் போனேன். மேல் படியில் நின்று, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார். "என்ட தங்கச்சிக்கும் ஆராவது மேட்டுல ஒரு வீடு பாத்துக் குடுத்திருக்கலாம் மிஸ்."

ரெண்டு பேர் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வருவதற்காக மூன்றாவதாக ஒருத்தி கண் மூடாமல் கிடக்கிற வேலைக்குத்தான், எங்கள் வாசல் போர்டில் "கவலையற்ற பயணங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறோம்.