புளியமரத்தடியில் இரண்டு கினிப்பன்றிகள்

ஆசிரியப் பணியில் பாடம் நடத்துவதே மிக எளிய பகுதி; எஞ்சியவை யாவும் ‘கூடுதல் பொறுப்பு’ என்னும் பெயரில் தலையில் ஏறும். அப்பெயரைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பொறுப்பு வந்தது

எண்பதுகளில் காரிமங்கலத்திற்கு அருகே ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். அறிவியல் ஆசிரியை இரண்டு கினிப்பன்றிகளைப் பள்ளியில் வளர்த்துவந்தார். எலியினும் பெரியவை, முயலினும் சிறியவை, வாலற்றவை. பயிற்சிக்காகச் சேலம் புறப்பட்டபோது அவற்றை என்னிடம் ஒப்படைத்து, “பகல்ல வெளியே புல்லு மேயணுங்க ஐயா. ரெண்டையும் உயிரோட திருப்பிக் குடுத்துருங்க” என்று கண்கலங்கினார்.

“இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?” என்று தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார்.

“அதுங்க பேசாதுங்க தமிழய்யா. உங்களுக்குத் திருத்துற வேலையே கிடையாது.”

மேலே ஒரு வட்டம்

புளியமரத்தடியில் செங்கற்களை வட்டமாக அடுக்கி, கினிப்பன்றிகளை உள்ளே விட்டு, கடைநிலை ஊழியர் முனியப்பனைக் காவலுக்கு அமர்த்தினேன். “கல்லைத் தாண்டி ஓடாமல் பார்த்துக்கொள்” என்று தெளிவாகக் கூறினேன். வகுப்பின் சன்னல் வழியே பார்த்தால், வானத்தில் பருந்தொன்று தாழ்ந்து தாழ்ந்து வட்டமிடுகிறது! சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். முனியப்பனோ செங்கற்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேலே பார்க்கமாட்டாயா?” என்று கத்தினேன்.

“கல்லைத் தாண்டாம பாக்கச் சொன்னீங்க, பாத்தேனுங்க. வானத்தைப் பாக்கச் சொல்லலீங்களே!”

சந்தைக்குப் போனவர்

அன்றே மூங்கில் கோழிக்கூடை ஒன்றை வாங்கி அவற்றின்மேல் கவிழ்த்தேன். சந்தை நாளில் மைதானத்தின் குறுக்கே ஆட்டை ஓட்டிவந்த ஒருவரின் நாய், மூக்கால் முட்டிக் கூடையையே சாய்த்துவிட்டது. நான் குடையை விரித்து இடையில் புகுந்து, கூடையை நிமிர்த்தி, அதன்மேல் ஒரு கல்லையும் ஏற்றினேன். நாய்க்குரியவர் உதவவில்லை, குனிந்து ஆராய்ந்தார்.

“பாலு கறக்குங்களா?”

“கறக்காது.”

“முட்டை?”

“இடாது.”

“அப்பக் கறிக்குங்களா?”

“இல்லை ஐயா, இல்லை!”

“அப்புறம் எதுக்குங்க வாத்தியாரு குடை புடிச்சுக் காவல் நிக்கறீங்க?”

நிழல் நகர்ந்தது

பருந்தையும் நாயையும் வென்றபின் வெயில் எஞ்சியது. மரநிழல் நகரும், கூடை நகராது. ஆகவே, “ஒவ்வொரு பாடவேளைக்கும் மணி அடித்தவுடன் கூடையை நிழலுக்கு நகர்த்து” என்று முனியப்பனுக்கு விதித்தேன். மணி அடிப்பவரும் அவரே என்பதால் ஏற்பாடு பிசகின்றி நடந்தது.

ஆசிரியை திரும்புவதற்கு முந்தைய நாள், மாணவர்களைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குக் கூட்டம் நடத்தினார் தலைமையாசிரியர். நண்பகல் கடந்து வெளியே வந்தேன். கூடை கொளுத்தும் வெயிலில் கிடந்தது. முனியப்பன் நிழலில் நின்று, நாயை விரட்டக் கையில் கோலுடன், பருந்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டும் கால்நீட்டிக் கிடந்து மூச்சிரைத்தன. வகுப்பறைக்குத் தூக்கி ஓடினேன். குளிர்ந்த தரையில் ஈரச்சாக்கை விரித்துக் கிடத்தினேன். வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி வைத்தேன். ஒன்று மெல்ல எழுந்தது. மற்றது அசையவில்லை. நாளை அந்த அம்மையாரின் முகத்தில் எப்படி விழிப்பேன்? நெடுநேரம் கழித்து அதன் மூக்குத் துடித்தது. பிறகு வெள்ளரியைக் கொறிக்கும் ஓசை கேட்டது. அதன் பிறகே முனியப்பனை அழைத்தேன்.

“முனியப்பா, கூடையை ஏன் நகர்த்தவில்லை?”

“பெல்லு அடிக்கலீங்களே ஐயா.”

“அடிக்க வேண்டியவனே நீதானே!”

“கூட்டம் நடக்குதுன்னு எச்.எம். ஐயா இன்னிக்குப் பெல்லு அடிக்காதேன்னுட்டாருங்க. நானா எப்படீங்க நகத்தறது?”

சொன்னதைச் சொன்னபடியே செய்ய வேண்டும் என்று என் பணிக்காலம் முழுவதும் வற்புறுத்தினேன். அதற்கு முற்றிலும் செவிசாய்த்தவர் முனியப்பன் ஒருவரே.