இஞ்ச ஒருத்தரும் வெளிநாடு போகேல்லை

குளிர் ஜாக்கெட்டை நாங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வெள்ளவத்தையில் வாங்கவில்லை. அங்கே வாங்கினால் பின்னேரத்துக்குள் எங்கள் மாடிக்கட்டடம் முழுவதும் தெரிந்துவிடும் என்று அம்மா என்னைப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் கடைக்காரர் எந்த நாட்டுக்கு என்று கேட்டார். "நுவரெலியாவுக்கு. ட்ரிப் ஒண்டு," என்றார் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். முழங்கால்வரை நீண்ட, பஞ்சு அடைத்த ஜாக்கெட் அது. நுவரெலியாவின் மலைக்குளிரில்கூட அதைப் போட்டால் வேர்த்தே மயங்கிவிடலாம்.

நான் அப்போது கொழும்பில் பல்கலைக்கழகம் மூன்றாம் வருடம். ஜெர்மனியில் ஒரு செமஸ்டர், ஐந்து மாதம், பரிமாற்ற மாணவியாகப் படிக்க இடம் கிடைத்திருந்தது. விசா மட்டும்தான் பாக்கி. மாத முடிவுக்குள் அது வராவிட்டால், பட்டியலில் எனக்கு அடுத்ததாக இருந்தவருக்கு அந்த இடம் போய்விடும்.

விமானம் ஏறும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாவூறு பட்டுவிடும்; ஊர் வாய் பட்டால் நடக்கவிருந்ததும் நடக்காது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தச் சட்டம் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கண்டு கனநாளாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கனடாவில் பனிக்குள் நிற்கும் படம் வந்து சேரும். எங்கள் வீட்டில் அது இன்னும் இறுகியதற்குக் காரணம் அண்ணா. அண்ணா முதல்தரம் விசாவுக்குப் போட்டபோது அம்மா கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார், மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தரம் ஒருவருக்கும் சொல்லவில்லை; கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு என்று லண்டனுக்குப் போன அண்ணா ஒன்பது வருடமாக வரவில்லை. அப்பாவின் செத்தவீட்டையும் வீடியோவில்தான் பார்த்தார். அதன்பிறகு மூன்றாம் மாடியில் நானும் அம்மாவும் ஒரு தையல் மெஷினும்தான்.

அம்மா சாறி பிளவுஸ் தைப்பவர். அளவு கொடுக்க, தைத்ததை எடுக்க என்று நாள் முழுக்க ஆட்கள் வந்துபோவார்கள். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு எல்லாருடைய கதையையும் கேட்பார். தன் கதையைச் சொல்லமாட்டார்.

ஒருநாள் விரிவுரை முடிந்து போனைப் பார்த்தேன். தெரியாத கொழும்பு இலக்கத்திலிருந்து இரண்டு அழைப்புகள் வந்து தவறியிருந்தன. திருப்பி எடுத்தால் ஒருவரும் தூக்கவில்லை. விசா விண்ணப்பத்தில் இரண்டாவது இலக்கமாக அம்மாவுடையதைக் கொடுத்திருந்தேன். உடனே அம்மாவுக்கு எடுத்தேன்.

"ஓம், ஆரோ ஒரு பிள்ளை எடுத்தவ," என்றார். "விசா ஒஃபிஸ் எண்டு சொன்னா. உங்கட மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போறாவோ எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இரண்டாம் மாடி அன்ரி அளவு குடுக்க நிண்டவ. இஞ்ச ஒருத்தரும் வெளிநாடு போகேல்லை எண்டு சொல்லி வச்சிட்டன்."

காலி வீதி நெரிசலில் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ் நகரவே இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் அந்த இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எடுத்தேன். சொந்தத் தாயே மகள் எங்கேயும் போகவில்லை என்று சொன்னால், விண்ணப்பத்தில் இருப்பதெல்லாம் பொய் என்றுதானே நினைப்பார்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "நாவூறு நாவூறெண்டு நீங்களே கெடுத்துப்போட்டீங்கள்."

"அன்ரி பக்கத்தில நிண்டவ. வாய் தன்ர பாட்டில சொல்லிப்போட்டுது," என்றார் அம்மா.

"நான் போகக்கூடாதெண்டு வேணுமெண்டே சொன்னனீங்களோ?"

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்பிடியும் கேப்பியோ?" என்றார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

விசா அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். நாவூறை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், மோசடி அழைப்பு என்று நினைத்து அம்மா அப்படிச் சொல்லிவிட்டார் என்று எழுதி அனுப்பினேன். ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்.

அதன்பிறகு காத்திருப்புத்தான். குளிக்கப் போகும்போதும் போனைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோனேன். யாருடைய போன் அடித்தாலும் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அம்மாவுடன் கதைக்கவும் இல்லை. ஒரு தையலையும் பிழைக்கவிடாத அம்மா, ஒரு பிளவுஸுக்குக் கையை இடம்வலம் மாற்றிப் பொருத்திவிட்டு, இருந்து பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு கோபம். மூன்றாம் நாள்தான், திரும்ப எடுத்தால் என்ன சொல்லவேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காலை அம்மாவின் போன் அடித்தது. அதே இலக்கம். அன்றைக்கும் பார்த்து இரண்டாம் மாடி அன்ரி பிளவுஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அறைக்குள் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அன்ரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஓம் பிள்ளை, என்ர மகள்தான். ஜெர்மனிக்குப் படிக்கப் போறா. அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அன்ரியின் கண் விரிந்தது. இனி வெள்ளவத்தையைத் தாண்டிக் கிருலப்பனைவரை கதை போய்விடும்.

விசா அலுவலகப் பெண் என்னுடைய பெயர், பல்கலைக்கழகம், எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா நான் சொல்லிக் கொடுத்தபடியே பதில் சொன்னார். கடைசியாக அந்தப் பெண், "படிப்பு முடிய மகள் திரும்பி வருவாவோ, அம்மா?" என்றார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். நான் படிவங்களில் எத்தனையோ தரம் எழுதிக் கொடுத்த பதில்தான்.

அம்மா மேசையிலிருந்த ஊசியொன்றை எடுத்து, திரும்ப வைத்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். சொல்லுங்கோ, சொல்லுங்கோ.

"வருவா," என்றார் அம்மா. "கட்டாயம் வருவா."

அன்ரி போன கையோடு அம்மா குடையை எடுத்தார். "பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிச்சிட்டு வாறன். பொய் சொல்லிப்போட்டன். அதால உன்ர காரியம் கெடக்கூடாது."

"முதல் நாள் சொன்னதுக்கோ?"

"இல்லை. இண்டைக்குச் சொன்னதுக்கு."

படியிறங்கிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது; நான் வரத்தானே போகிறேன். கூடவே பயமும் வந்தது. அண்ணாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது விசா வந்தது. போனேன், படித்தேன். கடைசி மாதம் அண்ணா லண்டனிலிருந்து அடிக்கடி எடுத்தார். "வந்தனி வந்திட்டாய். வேலையோ படிப்போ எதையாவது பிடிச்சுக்கொண்டு அங்கயே நில்," என்றார். நான் உடனே மறுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கிழமை யோசித்தேன். சரியாக நித்திரை கொள்ளவில்லை. அம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு, ஏற்கெனவே போட்டிருந்த திகதிக்கே விமானம் ஏறினேன்.

வரும் திகதியை அம்மாவுக்குப் பலதரம் சொல்லியிருந்தேன். ஓம், ஓம் என்பார். மூன்றாம் மாடிக்கு ஏறி மணி அடித்தேன். அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். உள்ளே மேசையில் ஒரு ஆளுக்கு அளவான இடியப்பம் இருந்தது. பெட்டியைப் பார்த்தார், கையில் கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தேங்காயைச் சும்மா அடிச்சிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.